கறுவாவுக்கு வாய்க்கால், மனுசருக்கு காட்டுப்பாதை

ஆம்ஸ்டர்டாம் போட்டோ பார்க்காத ஆள் நம்ம வயசுல யாரும் இருக்க மாட்டாங்க. இரண்டு பக்கமும் ஒல்லியான உயர்ந்த வீடுகள், நடுவில தண்ணி, பாலத்துல சாத்தி வச்ச சைக்கிள். 1613இல் வெட்டத் தொடங்கிய அந்த வாய்க்கால் வளையத்தை 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அங்கே போக விசா, டிக்கெட், யூரோ எல்லாம் வேணும். கெம்பஸ் பிள்ளைகளுக்கு அது கனவு. ஆனா அதே ஒல்லாந்தர் காலத்து வாய்க்கால் ஒன்று நம்ம நாட்டிலேயே, கட்டுநாயக்க விமான நிலையத்துக்குக் கிட்டவே ஓடுது. மாத்தளையிலிருந்து கண்டிக்கு வந்து ஒரு பஸ் மாறினா நீர்கொழும்பு. விடிய வெளிக்கிட்டா பகல் சாப்பாட்டுக்கு முன்னாடி வாய்க்கால் கரையில நிக்கலாம்.

நாங்க நாலு பேர் போனோம். இது பயணக் கட்டுரை இல்லை, எந்த ஹோட்டல்ல நண்டு நல்லாயிருக்குனு நான் சொல்லப்போறதில்லை. (நண்டு நல்லாத்தான் இருந்தது.) படகுக்காரர் சொன்ன வரலாறும், சொல்லாம விட்ட வரலாறும், அதுக்கும் மாத்தளைக்காரிக்கும் என்ன சம்பந்தம் என்பதும்தான் விசயம்.

படகுச் சவாரி இப்படித்தான் நடக்கும். வாய்க்கால்ல ஏத்தி, பழைய மீன்பிடிப் படகுகள் கட்டிக் கிடக்கிற கரையோரமாகக் களப்பு வரைக்கும் கொண்டுபோவாங்க. உடும்பு, கொக்கு, கண்டல் மரம் காட்டுவாங்க. "டச் கெனால், வெரி ஓல்ட், ஃபோர் சினமன்" என்பதோட வரலாறு முடிஞ்சிரும். எங்க படகில இருந்த வெள்ளைக்கார சோடி அதைக் கேட்டுச் சிரிச்சாங்க. நெதர்லாந்துக்காரங்களாம். ஊர்ல இருக்கிறதையே பார்க்க இவ்வளவு தூரம் வந்திருக்கோம்னு ஒருத்தருக்கொருத்தர் பகிடி பண்ணிக்கிட்டாங்க.

அந்த "ஃபோர் சினமன்" என்ற இரண்டு வார்த்தைக்குள்ள ஒன்றரை நூற்றாண்டு கிடக்கு.

1602இல் தொடங்கிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்கு இலங்கை என்றால் முதலில் கறுவாதான். கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கன் போர்த்துக்கேயரை விரட்ட 1638இல் அவர்களோடு ஒப்பந்தம் செய்தான். 1640இல் காலியும் நீர்கொழும்பும் ஒல்லாந்தர் கைக்கு வந்தன. நீர்கொழும்பை அதே வருடம் போர்த்துக்கேயர் திருப்பிப் பிடிக்க, 1644இல் ஒல்லாந்தர் மறுபடியும் எடுத்தார்கள். ஒரு சின்னக் கரையோர ஊருக்கு ஏன் இவ்வளவு அடிபிடி? நீர்கொழும்பைச் சுற்றிய மணற்பாங்கான நிலத்தில் விளைஞ்ச கறுவா அன்றைக்கு மிக உயர்ந்த தரம் என்று பேரெடுத்திருந்தது. கொழும்பு 1656இலும் யாழ்ப்பாணம் 1658இலும் விழுந்ததும் போர்த்துக்கேயர் கதை முடிந்தது. அரசன் கேட்டது கோட்டைகளை. கம்பனி கோட்டைகளைத் தானே வைத்துக்கொண்டது. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கினது போல என்று சிங்களத்தில் ஒரு பழமொழி உண்டு, அது இந்தக் கொடுக்கல் வாங்கலைப் பற்றித்தான்.

நீர்கொழும்புக் கோட்டையின் வாசலில் 1678 என்று வருடம் பொறிச்சிருக்கு. வாசல் வளைவைப் பார்க்கலாம், உள்ளே போக ஏலாது. உள்ளே சிறைச்சாலை. ஆங்கிலேயர் கோட்டையின் பெரும் பகுதியை இடிச்சு, அந்த இடத்தில் சிறையைக் கட்டினார்கள், இன்றைக்கும் அது சிறைதான். செல்ஃபி எடுக்க வந்த எங்களுக்குப் பக்கத்தில, கைதியைப் பார்க்கச் சாப்பாட்டுப் பார்சலோட ஒரு குடும்பம் வரிசையில நின்னது.

இனி வாய்க்கால். கரையோரமாக இருந்த களப்புகளையும் ஆறுகளையும் ஒன்றோடொன்று தொடுத்து, கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் வரை உள்நாட்டு நீர்வழி ஒன்றை ஒல்லாந்தர் வளர்த்தெடுத்தார்கள். பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் கடலில் சின்ன வள்ளம் விட முடியாது. வண்டிப் பாதையும் சொல்லும்படியாக இல்லை. வாய்க்காலில் வருசம் முழுக்கத் தட்டை அடி வள்ளம் போகும். கறுவா, பாக்கு, உப்பு, கொப்பறா எல்லாம் கொழும்புக் கிட்டங்கிக்கு அப்படித்தான் வந்தன.

ஆனா இங்கே வாய்க்கால் வெட்டும் யோசனையை ஒல்லாந்தர்தான் முதன்முதலில் கொண்டுவந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் கோட்டே அரசன் எட்டாம் பராக்கிரமபாகு காலத்திலேயே பாக்கு, மிளகு, ஏலம், கறுவாவைக் கிராமங்களிலிருந்து கொழும்புக்கும் நீர்கொழும்புக்கும் கொண்டுவர நீர்வழிகள் இருந்ததாகச் சொல்லப்படுகிறது. அணைகட்டி, குளம்கட்டி, கால்வாய் ஓட்டி வாழ்ந்த நாட்டுக்கு ஒல்லாந்தன் வந்து தண்ணி ஓட்டச் சொல்லிக்கொடுத்தான் என்பது கொஞ்சம் ஓவர்.

அதுமட்டுமில்லை, ஒல்லாந்தர் வெட்டிய வாய்க்கால் ஒரு பெரிய நாசத்தையும் செய்தது. நீர்கொழும்புக் களப்புக்குத் தெற்கே இருக்கிற முத்துராஜவெல இன்றைக்குப் பறவை பார்க்கப் போகிற சதுப்பு நிலம். ஒரு காலத்தில் அது முத்துப்போல நெல் விளைஞ்ச ராஜ வயல் என்று பெயரே சொல்லுது. வாய்க்கால் வழியாக உப்புத் தண்ணி உள்ளே ஏறி வயல் கெட்டுப்போனது. பிறகு ஆங்கிலேயர் வந்து, அந்த உப்புத் தண்ணியை வெளியேற்ற 1802இல் தொடங்கி 1804இல் இன்னொரு வாய்க்கால் வெட்டி முடித்தார்கள். வருமான அதிகாரியாக இருந்த கவின் ஹமில்டன் பெயரால் அது ஹமில்டன் வாய்க்கால். நீளம் 14.5 கிலோமீட்டர். வயல் திரும்பி வரவில்லை. இன்றைக்குச் சுற்றுலாக்காரர் "டச் கெனால்" என்று படமெடுப்பதில் ஒரு பகுதி உண்மையில் ஆங்கிலேயன் வெட்டினது. ஒல்லாந்தன் செய்த பிழையைத் திருத்த வெட்டினதும் ஒல்லாந்தன் பெயரிலேயே விற்பனையாகுது.

வெட்டினது ஒல்லாந்தன் என்று எழுதுகிறோம். மண்வெட்டி பிடிச்சது யார்? கம்பனி ஆட்சியில் கூலியில்லாக் கட்டாய வேலை பல வகையில் இருந்தது. சாதிக்கும் காணிக்கும் கட்டுப்பட்ட இராஜகாரிய முறையைக் கம்பனி அப்படியே தன் கைக்கு எடுத்துக்கொண்டது. "வெளியார்" என்று முத்திரை குத்தப்பட்ட சோனகரும் செட்டிகளும் இன்னொரு கட்டாய வேலையைச் செய்ய வேண்டியிருந்தது. கம்பனியின் ஒல்லாந்த ஆவணங்களில் அந்த வேலைக்குப் பெயர் என்ன தெரியுமா? ஊழியம். நம்ம சொல்தான். இன்றைக்கு ஊழியம் என்றால் உத்தியோகம், சம்பளம், ஊழியர் சேமலாப நிதி. அன்றைக்கு அது சம்பளமில்லாம கம்பனிக்கு முதுகு வளைக்கிறது.

கறுவா உரித்தவர்கள் கதை இதைவிடக் கடினம். கறுவாக் கம்பை வெட்டி, மேல்தோலைச் சுரண்டி, பித்தளைத் தடியால் உருட்டித் தேய்ச்சு, கீறி, உள்பட்டையைக் கிழியாம கழட்டி, ஒன்றுக்குள்ள ஒன்றாகச் சொருகி, நிழல்ல காயவைக்கணும். வெயில்ல போட்டா போச்சு. இந்த வேலை சலாகம சாதியாரின் தலையில் சுமத்தப்பட்டது. அவர்களின் மூதாதையர் தென்னிந்தியாவிலிருந்து வந்த நெசவாளர் என்பது அவர்களிடையே வழங்கும் மரபு. அதாவது தறியில இருந்து வந்தவன் காட்டில கத்தியோட நின்றான். மகாபத்த என்ற கறுவாத் திணைக்களத்தின் கீழ் ஆளுக்கு இவ்வளவு என்று அளவு போட்டு, பெயர் எழுதி, ஆண்பிள்ளைகள் வளர வளர அந்தக் கணக்கில் சேர்த்தார்கள். அந்தக் காலத்தில் கறுவா பெரும்பாலும் காட்டில் தானாக வளர்ந்தது, அதிலும் நல்ல பங்கு கண்டி அரசனின் எல்லைக்குள். ஆகவே காட்டுக்குள்ள போய், யானைக்கும் காய்ச்சலுக்கும் தப்பி, பட்டையைக் கொண்டுவரணும். அனுமதியில்லாம கறுவா மரத்தை வெட்டினால், கள்ளமாக விற்றால் மரண தண்டனை வரை போகும். அளவு கொடுக்க முடியாதவர்கள் கண்டிப் பக்கம் ஓடினார்கள்.

1760இல் கரையோரச் சனம் வெடித்தது. கறுவாக் காட்டைக் காப்பாற்றுகிறோம் என்று சனத்தின் தோட்டங்களையும் தென்னங்கன்றுகளையும் கம்பனி அழித்ததும் ஒரு காரணம். கண்டி அரசன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் கலகக்காரர் பக்கம் நின்றான். அவன் நாயக்கர் வம்சம், மதுரைப் பக்கத்து உறவு. ஒல்லாந்தர் திருப்பி அடித்தார்கள். முதல் படையெடுப்பு 1764இல் தோற்றது. 1765இல் தேசாதிபதி வான் எக் கண்டி நகரத்தையே பிடித்துக் கொள்ளையடித்தார். அரசன் மலைகளுக்குள் ஒதுங்கினான். நோயும் பசியும் படையைத் தின்ன, சில மாதங்களில் ஒல்லாந்தர் கண்டியை விட்டு இறங்கினார்கள். வான் எக் அதற்கு முன்னமே, கொழும்புக்குத் திரும்பிய கொஞ்ச நாளில் செத்துப்போனார். ஆனாலும் 1766 பெப்ரவரி ஒப்பந்தம் அரசனுக்குப் பெரிய தோல்வி. தீவைச் சுற்றிய கரை முழுதும் கம்பனிக்குப் போனது. கண்டிச் சனம் சிலாபத்திலும் புத்தளத்திலும் உப்பு அள்ளுவதற்குக்கூட ஒப்பந்தத்தில் இடம் கேட்டு எழுத வேண்டி வந்தது. நாலு பக்கமும் கடல் உள்ள தீவில் கடலில்லாத ராஜ்ஜியம்.

அந்தக் கொள்ளையில் போன ஒரு பீரங்கியின் கதை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதிச்ச, அலங்காரத்துக்கான சின்னப் பீரங்கி, லெவ்கே பீரங்கி என்பார்கள். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருந்தது. 2023இல் வாள், கத்தி, துப்பாக்கிகளோடு சேர்த்து ஆறு பொருட்களை நெதர்லாந்து திருப்பிக் கொடுத்தது. அதே வருடம் ஜூலை 1ஆம் திகதி அந்நாட்டு மன்னர் அடிமை வியாபாரத்துக்காக மன்னிப்புக் கேட்டார். ஆம்ஸ்டர்டாம் மேயர் நகரத்தின் சார்பில் 2021லேயே கேட்டிருந்தார். மன்னிப்பை நான் நக்கல் பண்ணவில்லை. பொருளுக்குப் பெயரும் இடமும் இருக்கு, அதனால திரும்பி வந்தது. கறுவா உரிச்சவனுக்கும் ஊழியம் செய்தவனுக்கும் திருப்பிக் கொடுக்க என்ன இருக்கு என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. கொழும்பிலேயே கம்பனியின் அடிமைகளை இரவில் அடைத்து வைத்த இடத்துக்கு ஆங்கிலத்தில் அடிமைத் தீவு என்றே பெயர் இருந்தது. தமிழில் கொம்பனித்தெரு. கொம்பனி என்ற சொல்லுக்குப் பின்னால என்ன இருக்கு என்று யோசிக்காமலே எத்தனை தடவை அந்த ஸ்டேசனைக் கடந்திருப்போம்!

சொல் என்றதும் ஒரு சின்ன விலகல். ஒல்லாந்தர் போய் 200 வருடத்துக்கு மேலாச்சு, 1796இல் ஆங்கிலேயரிடம் கொழும்பைக் கொடுத்தார்கள், கம்பனியும் 1799 முடிவில் கலைந்தது. நம்ம வாய்க்குள்ள இன்னும் இருக்கிறார்கள். கந்தோர், கக்கூஸ், லாச்சி, நொத்தாரிசு, துட்டு எல்லாம் அவர்களுடையது. எங்க மலைத்தோட்டத்துல விளையிற போஞ்சியும் அவங்க சொல்தான். கோப்பியும் அப்படித்தான். தமிழ்நாட்டுக்காரங்க காபி என்கிறப்போ நாம கோப்பி என்கிறோம். எங்க பாட்டன் பூட்டன் காலத்தைக் "கோப்பிக்காலம்" என்று சொல்லும்போது, ஆங்கிலேயன் தோட்டத்துக்கு ஒல்லாந்தன் சொல்லைத்தான் வைக்கிறோம்.

நீர்கொழும்பில எனக்கு மறக்காத விசயம் வாய்க்கால் இல்லை, மொழி. மீன் காயப்போடுற கரையில ஒரு வயசான அம்மா இன்னொருத்தரோட பேசிக்கிட்டிருந்தாங்க. காதுக்குத் தமிழ் மாதிரியும் இருக்கு, வேற மாதிரியும் இருக்கு. "அம்மா, நீங்க தமிழா?" என்று கேட்டேன். "இல்ல மகள், நாங்க சிங்களம். வீட்டுல தமிழ்" என்றாங்க. அவங்க சொன்னதில அவங்களுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. குழப்பம் எனக்குத்தான், அதுவும் பெயரைப் பதிஞ்சு இனத்தை எழுதுற படிவங்களில வளர்ந்த எனக்கு.

நீர்கொழும்பு மீனவர் தமிழ் என்று மொழியியலில் இதைத் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். நாம போறேன், போறான், போறாங்க என்று ஆளுக்கு ஆள் வினையை மாத்துறோம் இல்லையா, சிங்களப் பேச்சில அப்படி மாறாது. சிங்களத்தோட கலந்து வாழ்ந்ததில இந்தத் தமிழும் அந்த விகுதிகளைப் பெரும்பாலும் இழந்திருக்கு. ஒரே வினை எல்லாருக்கும் போதும். தமிழ் "கெட்டுப்போச்சு" என்று எங்க செட்ல ஒருத்தன் சொன்னான். எனக்கு அப்படித் தோணல. தமிழ்ச் சொல்லுக்குள்ள சிங்கள இலக்கணம் ஓடுது, பல தலைமுறை பக்கத்துப் பக்கத்துல இருந்தவங்களுக்கு மட்டும் வரக்கூடிய பேச்சு அது.

இந்தக் கரையோரச் சனத்தில் பெரும்பாலானோர் போர்த்துக்கேயர் காலத்தில் கத்தோலிக்கரானவர்கள். ஒல்லாந்தர் வந்ததும் கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை. பிறப்பும் கலியாணமும் கம்பனியின் சீர்திருத்தச் சபை ஏட்டில் பதிஞ்சாத்தான் காணி உரிமை பேசலாம் என்ற நிலை. சனம் ஏட்டில் பெயரைப் பதிஞ்சது, வீட்டில் செபமாலை சொன்னது. கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் அடிகள் 1687இல் மாறுவேசத்தில் யாழ்ப்பாணத்தில் இறங்கி, தமிழில் போதித்து, கடைசியில் பாதுகாப்புத் தேடினது எங்கே? பௌத்த அரசனின் கண்டியில். 1711இல் அங்கேயே இறந்தார், 2015இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவருக்குப் பின் வந்த ஜாகொமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதினார். 1742இல் நீர்கொழும்புக்குப் பக்கத்துப் போலவத்தையில் இறந்தார். ஒல்லாந்தரின் தடையை இரண்டு மொழியும் சேர்ந்து தாண்டியிருக்கு. பிறகு 20ஆம் நூற்றாண்டில் தடை எதுவுமில்லாமலே ஒரு மொழி பின்வாங்கியது. வாய்க்கால் போகும் வழியில் உள்ள சிலாபத்தில் எட்மன்ட் பீரிஸ் ஆயராக இருந்த காலத்தில் கத்தோலிக்கப் பாடசாலைகளின் மொழி தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாறியதை ஆய்வாளர்கள் குறிப்பிடுவார்கள். பாடசாலை மாறினால் இரண்டு தலைமுறை போதும். அந்த அம்மாவோட பேரப்பிள்ளைகள் எங்களைப் பார்த்துச் சிரிச்சாங்க, பேசினது சிங்களத்தில.

இதைத் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி கேட்கும்போது சும்மா கேட்டுட்டுப் போக முடியாது. மாத்தளை மாவட்டத்தில தோட்டங்கள் சிதறிக் கிடக்கு. கிட்ட இருக்கிற பாடசாலை எந்த மொழி என்பதை வச்சுப் பிள்ளையின் மொழி முடிவாகிற வீடுகளை எனக்குத் தெரியும். ஆனா நீர்கொழும்பைக் காட்டிப் பயமுறுத்த நான் விரும்பல. அந்த அம்மா தோத்துப்போன ஆள் மாதிரிப் பேசவே இல்லை.

இன்னொரு கணக்கும் மனசில ஓடிக்கிட்டிருந்தது. கறுவாவுக்காக ஒல்லாந்தன் வாய்க்கால் போட்டான். கோப்பிக்காக ஆங்கிலேயன் ரோட்டும் ரயிலும் போட்டான். ரயில் 1867இல் கண்டிக்கும் 1880இல் மாத்தளைக்கும் வந்தது. சரக்குக்கு எப்பவும் ஒரு வழி செய்து கொடுத்திருக்காங்க. அந்தக் கோப்பியைப் பறிக்க வந்த ஆட்களுக்கு? 1823இல் கம்பளைப் பக்கம் சிங்கஹப்பிட்டியில் முதல் கோப்பித் தோட்டம் தொடங்கியதாகச் சொல்வார்கள். அதற்குப் பிறகு தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை என்று காட்டு வழியாக நடந்தார்கள். வாந்திபேதி, காய்ச்சல், பசி, தாகம். விழுந்தவர்களை விழுந்த இடத்திலேயே விட்டுட்டு நடந்த கூட்டங்களும் உண்டு. தப்பி வந்தவர்கள் மலையேற முன்பு சேர்ந்த ஊர் மாத்தளை. முத்துமாரியம்மன் கோயில் தேருக்கு இன்றைக்கும் மலையகம் முழுக்க இருந்து சனம் வர்றதுக்குப் பின்னால அந்த நடையின் ஞாபகமும் இருக்கு.

2023இல், மலையகத்துக்கு 200 வருசம் என்று, ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்த நடைபயணத்தில் நிறையப் பேர் நடந்தாங்க. வழியில சிங்கள, முஸ்லிம் ஊர்க்காரங்களும் தண்ணியும் சாப்பாடும் கொடுத்தாங்க. காணி, வீடு, சம்பளம், சமமான பிரஜையாக நடத்துறது, இதுதான் அவங்க கேட்டது. எங்க தெருவால அவங்க வந்தப்போ பெருசுங்க சில பேர் கும்பிட்டாங்க.

டச் வாய்க்காலுக்குச் சுற்றுலாப் படகு இருக்கு, பலகை இருக்கு, கையேட்டில அரைப் பக்கம் இருக்கு. மன்னார்–மாத்தளை வழியில, இன்ன இடத்தில இவங்க தங்கினாங்க, இன்ன இடத்தில செத்தாங்க என்று சொல்ற பலகை எத்தனை என்று அந்தப் பாதையில பஸ்ஸில போறப்போ எண்ணிப் பாருங்க. அந்தப் பாதையால வெளிநாட்டுக்காரங்க போகாமலும் இல்லை. கட்டுநாயக்கவில இறங்கி, நீர்கொழும்பில ஒரு ராத்திரி, பிறகு வேனில சீகிரியா, தம்புள்ளை, கண்டி. தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் நடுவில, அன்றைக்கு நடந்து வந்த அதே வழியில, வாசனைத் தோட்டங்களில வேன் நிக்கும். மிளகுக்கொடி, கொக்கோ, ஏலம், சாதிக்காய் எல்லாம் காட்டி, கடைசியில ஒரு ஆள் கறுவாக் கம்பை எடுத்துச் சுரண்டி, பித்தளைத் தடியால தேய்ச்சு, பட்டையைக் கழட்டிக் காட்டுவார். அஞ்சு நிமிசம் ஆகும். பட்டையை மணந்து பார்க்கக் கொடுப்பாங்க, பிறகு பில் போடுற மேசைப் பக்கம் கூட்டிப் போவாங்க. அடுத்த வேன் அதுக்குள்ள வாசலுக்கு வந்திருக்கும்.